கடைசி இரண்டு வரிசை

செல்லக்கனி அந்த இரண்டு வரிசைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்த அன்று கம்பெனியில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

ஓரகடத்தில், சிப்காட் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தக் கம்பெனி. விமானத்தின் உள்கட்டுதான் அவர்கள் தொழில். இருக்கை, தலைக்கு மேலே சாமான் வைக்கிற பெட்டி, கழிவறைச் சுவர் என்று உள்ளே உட்காருகிறவன் கண்ணில் படுகிற அத்தனையையும் வரைவார்கள். முழு அளவில் மாதிரி செய்து வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டி ஆர்டர் பிடிப்பார்கள். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து டிப்ளமா முடித்துவிட்டு வந்த செல்லக்கனி ஆறு வருஷமாக அங்கே லேஅவுட் வரைகிறாள். மண்ணூரில் லேடீஸ் ஹாஸ்டல், காலையில் கம்பெனி பஸ், ராத்திரி திரும்பவும் ஹாஸ்டல். இருபத்தேழு வயசு அப்படிப் போய்க்கொண்டிருந்தது.

2012-இல் வந்த வேலை அதுவரை வந்ததிலெல்லாம் பெரியது. ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம், நடுவில் எங்கேயும் இறங்காமல் பதினேழு மணி நேரம் பறக்கிற சர்வீஸ் ஒன்று தொடங்க நினைத்தது. மொத்தம் பன்னிரண்டு விமானம். அவ்வளவு நீளப் பயணத்துக்கு எடைதான் எமன். ஒரு கிலோவைப் பதினேழு மணி நேரம் தூக்கிக்கொண்டு போக, ஏறக்குறைய அரைக் கிலோ எண்ணெய் எரியும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆளைக் கூட்ட வேண்டுமென்றால் வேறு எதையாவது கழித்தாக வேண்டும். வால் பக்கத்துக் கேபினில் வரிசைக்கு ஒன்பது பேராக ஆறு வரிசை என்பது பழைய திட்டம். அதற்குப் பின்னால் மூன்று கழிவறை; அங்கேயே, உட்கார்ந்து அலுத்தவர்கள் வந்து கால் நீட்டி நிற்கக் கொஞ்சம் வெற்றிடம். இன்னும் பதினெட்டுப் பேருக்கு இடம் கிடைத்தால்தான் சர்வீஸ் கட்டுப்படியாகும் என்றார்கள். மூன்று வாரம் எல்லாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள்.

செல்லக்கனி அதை முடித்தாள். முதுகு மெலிந்த புது இருக்கை. இருக்கைக்கும் இருக்கைக்கும் முப்பத்து மூன்று அங்குலமாக இருந்த இடைவெளி முப்பத்தொன்று. மூன்று கழிவறை இரண்டு. நிற்கிற இடம் கிடையாது. கைப்பிடியை மடக்குகிற கீலில் கூட எடை இருக்கிறதே என்று, மடக்க முடியாத நிலையான கைப்பிடியாக மாற்றினாள். ஆறு வரிசை எட்டாயிற்று. ஐம்பத்து நான்கு பேர் எழுபத்திரண்டு பேர் ஆனார்கள். எடை அப்படியே நின்றது. பிராஜெக்ட் தலைவர் வனமாமலை நாங்குநேரிக்காரர். நல்ல மனுஷர், ஆனால் வாயிலிருந்து பாராட்டு லேசில் வராது. அவர் அன்றைக்கு எல்லார் முன்னாலும், கனி இல்லையென்றால் இந்த ஆர்டர் வேறு கைக்குப் போயிருக்கும் என்றார். அவள் ஹாஸ்டலுக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டு அதைச் சொன்னாள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் வாடிக்கையாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாதிரிக் கேபினில் எழுபத்திரண்டு பேரை நிஜமாகவே பதினேழு மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் பாதிப் பேர் வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு வாரம் தள்ளி ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். ஆட்களைக் கூட்டி வந்தவர் காண்ட்ராக்டர் தாவீது. வல்லக்கோட்டை, மண்ணூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பாதி; ஹாஸ்டல்களிலும் ரூம்களிலும் இருக்கிற தெற்கத்திப் பிள்ளைகள் பாதி. பஸ்ஸிலேயே தாவீது எல்லாரிடமும் சொல்லிவிட்டார்: ஒருத்தர் பாதியில் எழுந்து வெளியே போனாலும் மொத்தமும் பாழ், எழுபத்திரண்டு பேரும் இன்னொரு நாள் வந்து முதலிலிருந்து உட்கார வேண்டும். யாரால் கெட்டது என்று ஊரே பேசும்.

விடிகாலை நாலரைக்கு ஷெட் வாசலில் செல்லக்கனி இருக்கை எண் எழுதிய சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் சீட்டை வாங்கி, பக்கத்து எண்கள் யாருக்கு என்று பார்த்துவிட்டு, நகராமல் நின்றாள். பெயர் கனகம். வயரிங் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. புருஷன் பலராமன் அவளுக்குப் பின்னாலேயே நின்றார். கிடங்கு ஒன்றில் லோடு சரிபார்க்கிறவர்.

"பாப்பா, எங்க வூட்டுக்காரு பக்கத்துல என்னைப் போட்டுடேன். ரெண்டு ஆம்பளைங்களைத் தாண்டி ஜன்னலோரம் உக்காந்துக்கினு நான் இன்னா பண்றது?"

எந்த இருக்கையில் யார் என்பதை வாடிக்கையாளரே குலுக்கிப் போட்டு அனுப்பியிருந்தார். விமானத்தில் அந்நியர்கள் பக்கத்தில்தானே உட்காருவார்கள், அதுபோல இருக்கட்டும் என்று. செல்லக்கனி அதைச் சொல்லி, மாற்ற முடியாது அக்கா என்றாள். கனகம் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினாள். எட்டாவது வரிசை, இடது கோடி, ஜன்னலோரம். பலராமனுக்கு ஐந்தாவது வரிசையில் நடைபாதை ஓரம் கிடைத்தது.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

கேபினுக்கு வெளியே, ஷெட்டுக்குள்ளேயே ஒரு நீள மேஜை. அதன்மேல் உள்ளே இருந்த எட்டு கேமராக்களின் திரைகள். செல்லக்கனியின் வேலை குறிப்பு எடுப்பது: யார் எப்போது எழுந்தார், கழிவறைக்கு முன்னால் எத்தனை பேர் நின்றார்கள், நடைபாதை எவ்வளவு நேரம் அடைபட்டது. வாடிக்கையாளரின் பிரதிநிதி ஹென்ரிக் இன்னொரு கோடியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. விமானப் பணிப்பெண் வேலைக்கு ஷாப் ஃப்ளோரிலிருந்து கலைமணியையும் இன்னும் மூன்று பெண்களையும் பழக்கியிருந்தார்கள்.

இரண்டு கழிவறை போதாது என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் எட்டு மாதமாகச் செல்லக்கனியின் பயம். ஆனால் மணி ஏற ஏறக் கணக்கு அழகாக வந்தது. வாசலில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் நிற்கவே இல்லை. பத்து மணிக்கு ஹென்ரிக் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார். வனமாமலை தூரத்திலிருந்தே அதைக் கவனித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, கேபினில் விளக்கைக் குறைத்து 'ராத்திரி' ஆக்கினார்கள். வெளியே ஷெட் தகரம் வெயிலில் படபடவென்று தெறித்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி. உள்ளே இருந்தவர்கள் பாதிப் பேர் தூங்கினார்கள். கொஞ்சம் ஓய்வு கிடைக்கவே செல்லக்கனி கணக்கை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தாள், இருக்கை வாரியாக. கேபினில் முப்பத்து நான்கு பெண்கள். அதில் இருபத்தோரு பேர் ஒன்பது மணி நேரமாக ஒரு தடவை கூட எழுந்திருக்கவில்லை.

முதலில் தான்தான் எங்கேயோ விட்டுவிட்டோம் என்று நினைத்தாள். வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். விடவில்லை. அந்த நேரம் கலைமணி காலித் தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியின் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர் டம்ளர்கள். கொடுத்தபடியே, தளும்பத் தளும்பத் திரும்பி வந்திருந்தன.

ஏன் என்று கேட்டபோது கலைமணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "குடிச்சா போவணும்ல. பக்கத்துல ரெண்டு ஆம்பள தூங்கிக்கினு கீறான். முட்டிய தாண்டிக்கினு எப்டிப் போறது? நானா இருந்தாலும் குடிக்க மாட்டேன்."

செல்லக்கனிக்குச் சுரீரென்றது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போகிற ராத்திரி பஸ்ஸில் ஏறுவதற்கு அவளே மத்தியானத்திலிருந்து தண்ணீரைத் தொடமாட்டாள். உதடு வெடித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது அவளுக்குத் தெரியாத விஷயமா? எட்டு மாதம் அங்குலம் அங்குலமாக வரைந்தபோது அது ஒரு நாள் கூட நினைவுக்கு வரவில்லை. இரண்டு கழிவறை போதும் என்று கணக்குக் காட்டுகிறதே, அது போதுவதால் இல்லை. பெண்கள் தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்பதால்.

வனமாமலையிடம் போய்ச் சொன்னாள். ஒருமுறை அறிவிப்புக் கொடுத்து எல்லாரையும் தண்ணீர் குடிக்கச் சொல்லலாம், எழுந்து நடக்கச் சொல்லலாம் என்றாள். அவர் ஹென்ரிக் இருந்த பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குடிக்கதும் குடிக்காததும் அவங்க இஷ்டம் கனி. நாம போயி குடி குடின்னா டெஸ்ட்ல நாம கை வச்ச மாதிரி ஆயிரும். கணக்கு நல்லாத்தான வருது? வந்துட்டுப் போட்டும். இன்னும் எட்டு மணி நேரம்தான்."

ஹென்ரிக் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். நேராக அவரிடம் போயிருக்கலாம். செல்லக்கனி இரண்டு அடி எடுத்தும் வைத்தாள். பன்னிரண்டு விமானம், இருநூறு பேருக்கு வேலை என்று வனமாமலை எத்தனையோ தடவை சொன்னது காதில் விழுந்தது. லட்டும் நினைவுக்கு வந்தது. அவள் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

மூன்று மணி. நான்கு மணி. அவள் கண் திரும்பத் திரும்ப எட்டாவது வரிசைக் கேமராவுக்கே போனது. கனகம் ஜன்னல் பலகையில் நெற்றியைச் சாய்த்தபடி இருந்தாள். பக்கத்தில் இசக்கிபாண்டி என்கிற பையன். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவன், வாயைப் பிளந்து தூங்கினான். அதற்கடுத்தாற்போல் அவன் ரூம்காரன், அவனும் தூக்கம். முன்வரிசைக்காரர் இருக்கையைப் பின்னால் சாய்த்திருந்தார். கனகத்தின் முழங்காலுக்கும் அந்த இருக்கை முதுகுக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. அவள் குனிந்து வலது கெண்டைக்காலைப் பிடித்துவிட முயன்றாள். கை எட்டவில்லை. அரை மணி கழித்துத் திரும்பவும் முயன்றாள். பிறகு விட்டுவிட்டாள். கால் வீக்கத்தை அளக்கப் பன்னிரண்டு பேரை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தார்கள், எல்லாரும் நடைபாதை ஓரம் உட்கார்ந்தவர்கள், ஏனென்றால் அவர்களைத்தான் டேப்பை வைத்துச் சுலபமாக அளக்க முடிந்தது.

ஐந்து மணிக்கு இரண்டாவது சாப்பாட்டு வண்டிகள் உள்ளே போயின. பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஐந்து பத்துக்கு, கனகம் எழுந்தாள். முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, மேலே சாமான் பெட்டி இடிக்காமல் கழுத்தை வளைத்து, பாதி நின்றாள். ஏதோ சொன்னது போலிருந்தது. கை நழுவியது. அப்படியே சரிந்து இசக்கிபாண்டியின் மேல் விழுந்தாள்.

அவன் பதறி விழித்து, அவளைத் தாங்கி உட்கார வைத்துவிட்டு அழைப்பு மணியை அழுத்தினான். அவனும் ரூம்காரனும் முண்டிக்கொண்டு நடைபாதைக்கு வந்தார்கள். வந்த பிறகுதான் இடமே இல்லை என்று தெரிந்தது. ஆறாவது வரிசையில் சாப்பாட்டு வண்டி பாதையை அடைத்து நின்றது. கலைமணி அதை முன்பக்கமாக இழுத்துவிடலாம் என்றால் அங்கே முழுக்கக் கூட்டம். ஐந்தாவது வரிசையிலிருந்து பலராமன் எழுந்து, வண்டியைத் தாண்ட வழியில்லாமல் இருக்கைகளின் மேலேயே ஏறினார். கனகத்தைப் படுக்க வைக்கலாம் என்று இசக்கிபாண்டி கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தான். அது தூக்குகிற கைப்பிடி இல்லை. பக்கத்து இரண்டு இருக்கையும் காலியாக இருந்தும் அவளை நீட்ட முடியவில்லை. தலை மார்பில் தொங்க, மடங்கிக் கிடந்தாள். பழைய திட்டமாக இருந்தால் பின்னால் இரண்டடி தூக்கிப் போய்க் கிடத்தியிருக்கலாம். பின்னால் இப்போது சுவர்தான் இருந்தது.

ஃபர்ஸ்ட் எய்ட் நர்ஸ் கோமதியம்மாள் பையோடு ஓடி வந்து கேபின் வாசலிலேயே நின்றுவிட்டார். அடுத்த நடைபாதையிலும் இன்னொரு வண்டி நின்றது; உள்ளே போக வழி இல்லை.

செல்லக்கனி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஹென்ரிக் அதற்குள் வந்து கேபினுக்கு முன்னால் நின்று கையை உயர்த்திவிட்டார். குரலில் கோபம் எதுவும் இல்லை. வெளியிலிருந்து யாரும் தலையிட வேண்டாம், பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் வெளி என்று ஒன்று கிடையாது, உள்ளே இருக்கிற பணிப்பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வந்திருக்கிறேன் என்றார். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம். ஒன்றரை. வனமாமலை செல்லக்கனியின் முழங்கையைப் பிடித்து, கொஞ்சம் பொறு கனி, வண்டியை எடுத்துவிடுவார்கள் என்றார். மூன்று நிமிஷம். வண்டியின் சக்கரம் இருக்கைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பலராமன் குரல் மட்டும் கேட்டது. "கனகம்... ஏ கனகம்..." அவர் கத்தவில்லை, தூங்குகிறவளை எழுப்புவது போல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செல்லக்கனி கையை உதறிக்கொண்டு டூல் போர்டுக்குப் போனாள். அந்தக் கேபினின் பக்கச் சுவர் பலகைகள் ஒவ்வொன்றும் ஆறு கிளாம்ப்பில் நிற்பவை. வருகிறவர்களுக்கு உள்ளே திறந்து காட்ட வசதியாக அவளே அப்படி வரைந்திருந்தாள். கிளாம்ப் கழற்றுகிற சாவியை எடுத்துக்கொண்டு எட்டாவது வரிசைக்கு வெளிப்பக்கம் போய் முதல் கிளாம்ப்பைக் கழற்றினாள். ஹென்ரிக் ஆங்கிலத்தில் அவளை நிறுத்தச் சொன்னார். வனமாமலை அவள் பெயரைச் சொல்லி அதட்டினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "சார், இது பறக்கல. ஓரகடத்துல தரையில நிக்குது."

ஆறாவது கிளாம்ப் கழன்றதும் பலகை அவள் மேலேயே சாய்ந்தது. அதை ஒதுக்கித் தள்ளினாள். கேபினின் பொய் இருட்டுக்குள் ஷெட் வெளிச்சம் பாய, உள்ளே இருந்த முகங்கள் எல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பின. பலராமன் உள்ளிருந்து தோளைக் கொடுக்க, செல்லக்கனியும் கோமதியம்மாளும் வெளியிலிருந்து பிடித்து, கனகத்தை அந்த ஓட்டை வழியாக இறக்கித் தரையில் நீட்டினார்கள். உதடு வெள்ளைப் படலமாக வறண்டிருந்தது. மூச்சு இருந்தது. கோமதியம்மாள் புடவையை விலக்கி இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தார். வலது கெண்டைக்கால் இடதைவிட ஒன்றரை மடங்கு பருத்து, கல்லாய் இறுகியிருந்தது. நர்ஸ் நிமிர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை எடுக்கச் சொல்லுங்கள், இப்பவே என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் ஒரு மணி நேரத்தில் கனகம் கண் திறந்தாள். மயக்கம் தண்ணீர் இல்லாததால் வந்தது என்றார் டாக்டர். ஆனால் கால் வேறு விஷயம். ஸ்கேன் எடுத்ததில் கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அசையாமல் மடக்கி உட்கார்ந்ததும், உடம்பில் நீர் வற்றியதும் சேர்ந்து செய்த வேலை. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மறைக்காமல் சொன்னார். ஊசி போட்டு ஐந்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆறு மாதம் மாத்திரை.

வராந்தாவில் பலராமன் சுவரோரமாக நின்றார். செல்லக்கனி அவர் முன்னால் போய் நின்றாள். அவரே கேட்டார்.

"அந்த எடத்தையெல்லாம் நீதான் வரைஞ்சியாமே. தாவீது சொன்னாரு."

"ஆமாண்ணே. நான்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. பொம்பளைங்க யாரும் தண்ணி குடிக்கலைன்னு ரெண்டு மணிக்கே எனக்குத் தெரியும் அண்ணே, என்றாள்.

அவர் சுவரை விட்டு நிமிர்ந்தார். "ரெண்டு மணிக்கே தெரியும்."

"தெரியும்."

"அஞ்சு மணி வரிக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"எழுதிக்கிட்டு இருந்தேன்."

பலராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ கெளம்புமா, என்றார். சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவள் அறிக்கையை எழுதினாள். இரண்டு மணிக்குக் கண்டது, இரண்டு மணிக்குச் சொன்னது, மூன்று மணி நேரம் யாரும் எதுவும் செய்யாதது, எல்லாவற்றையும் எழுதினாள். தன் பெயரை முதலிலும் வனமாமலை பெயரை அடுத்தும் போட்டாள். வனமாமலை அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டார், அதட்டவில்லை, கேட்டார். தனக்காக இல்லை, ஆர்டருக்காக என்றார்.

"அந்தக்கா வீட்டுக்காரர்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் சார். இனி எடுத்து என்ன பிரயோஜனம்?"

அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். அறிக்கை அப்படியே ஹென்ரிக்கிடம் போயிற்று.

ஹென்ரிக் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சோதனையை நீ கெடுத்துவிட்டாய் என்றுதான் ஆரம்பித்தார். அவள் வேலை போயிற்று என்று எண்ணிக்கொண்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தொடர்ந்தார். அந்தப் பெண்ணின் கால் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கையை உயர்த்தியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது நிச்சயமில்லை. நீ சுவரைத் திறந்தாய், என் ஆட்களால் அது முடியாது. திறக்கிற சுவர் அவர்களுக்குக் கிடையாது. நாலு நிமிஷத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். ஒரு மனுஷியை நீட்டிப் படுக்க வைக்க இடம் வைத்து வரைந்து அனுப்பு என்றார். கை குலுக்காமலே போனார்.

வரைந்து அனுப்பினாள். கடைசி இரண்டு வரிசை போனது, மூன்றாவது கழிவறை திரும்ப வந்தது, கைப்பிடிக்குக் கீல் வந்தது. ஆனால் பதினெட்டுப் பேர் குறைந்ததும் சர்வீஸின் கணக்கும் மாறிவிட்டது. பன்னிரண்டு விமானம் ஐந்தாகச் சுருங்கியது. எடுப்பதாகச் சொன்ன இருநூறு பேரில் எழுபது பேரைத்தான் எடுத்தார்கள். ஹாஸ்டலில் இன்டர்வியூவுக்குக் காத்திருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். வனமாமலை ஒரு மாதம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஒரு நாள் லிஃப்ட்டில் இருவரும் மட்டும் இருந்தபோது, அந்த அம்மா எப்படி இருக்கிறாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே விசாரித்துக்கொண்டு போனாள். வல்லக்கோட்டைக்கு முன்னாலேயே இறங்கி, ரெண்டு தெரு உள்ளே. புரட்டாசித் தூறல். கனகம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். காலில் முழங்கால் வரை இறுக்கமான உறை. அவளைப் பார்த்ததும் வா பாப்பா என்றாள், தினமும் வந்துபோகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. பலராமன் தலையை அசைத்துவிட்டு டீ போட உள்ளே போனார்.

கால் வலி, மாத்திரை, திரும்பவும் வேலைக்குப் போகலாம் ஆனால் நின்றுகொண்டே செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னது, எல்லாம் பேசினார்கள். செல்லக்கனி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கனகம் முறத்தை இரண்டு தட்டுத் தட்டி அந்தப் பேச்சைக் கலைத்துவிட்டாள். நான்தான் எழுந்து போயிருக்க வேண்டும், எழுபது பேர் திரும்ப வர வேண்டியிருக்குமே என்று பார்த்தேன், புத்தி இல்லை என்றாள். பிறகு கேட்டாள்:

"நான் உக்காந்த எடத்துல இப்ப இன்னா வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கலக்கா. நின்னு கால் நீட்டுறதுக்கு எடம். சும்மா விட்டிருக்கு."

"சும்மா எடம் வுடறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று கனகம் சிரித்தாள். செல்லக்கனிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பலராமன் கொண்டுவந்த டீ டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது தூறல் வலுத்திருந்தது. பலராமன் மோட்டார் சைக்கிளைத் திண்ணையிலிருந்து இறக்கி, ஸ்டார்ட் செய்துவிட்டு, அவள் ஏறுவதற்காகக் காத்திருந்தார். ஓரகடம் கூட்டு ரோடு வரை கொண்டுவந்து விட்டார். பஸ் ஸ்டாப்பில் அவள் இறங்கியதும் வண்டியை அணைக்காமலே கேட்டார், மற்ற வரிசைகளில் இடைவெளி இப்போது எவ்வளவு என்று.

"முப்பத்திரண்டு அங்குலம்ணே. முன்னால முப்பத்தொண்ணு. ஆள் படுக்க எடம் விட்டதுல பழைய முப்பத்து மூணு வரல."

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓர் அங்குலம் பிரித்துப் பார்த்தார். "கம்மிதான்," என்றார்.

"கம்மிதான்ணே," என்றாள் செல்லக்கனி. "இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மண்ணூர் போகிற பஸ் வந்தது. அவள் ஏறி உட்காரும் வரை அவர் மழையில் நின்றிருந்தார்.